இழுவைப் பாதையில் ஓர் ஓட்டம்



நாற்பத்தாறு வயதில், மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு தாய் சப்பாத்துக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினாள் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "இந்த வயதில் இவவுக்கு என்ன வந்தது?" என்று கேட்பீர்கள். ஓடியவள் நானாக இல்லாதிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

கணவரின் தொழில் நிமித்தம் பிரான்ஸுக்கு வந்த நாங்கள் பல வருடங்களாக டிஜோன் நகரில் வசிக்கின்றோம். 2016 ஆம் ஆண்டு சாதாரணமாகச் செய்த இரத்தப் பரிசோதனையில் எனக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரியவந்தது. எங்கள் குடும்பத்துக்கு அது புதிய விருந்தாளி அல்ல. ஊரில் இருக்கும் என் உம்மாவுக்கு அந்த வருத்தத்தினால்தான் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமற் போனது. சப்பாத்து உராய்ந்த ஒரு சிறு புண். "ஆறிவிடும்" என்று இருந்துவிட்டோம். ஆறவில்லை. ஆகவே, வைத்தியர் கடதாசியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தினமும் நடவுங்கள். பழகிய பின் மெதுவாக ஓடுங்கள்" என்றார் வைத்தியர். சொல்வது இலகு. முக்காடும் நீண்ட சட்டையுமாக, பாரித்த உடம்போடு நகரத்துப் பூங்காவிலே இளம் பிள்ளைகள் மத்தியில் நான் எப்படி ஓடுவேன்? இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாள் தலைவலி என்று படுத்துவிட்டேன். அன்று பின்னேரம் கணவர் என்னை வாகனத்தில் ஏற்றிச்சென்று நகரத்துக்கு வெளியே ஒரு கால்வாய்க் கரையில் இறக்கினார். "இதில் ஓடும். மீன்களைத் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார்.

அதுதான் பூர்கோஞ் கால்வாய். 242 கிலோ மீற்றர் நீளமானது. ஒரு பக்கம் யோன் ஆற்றையும் மறு பக்கம் சோன் ஆற்றையும் இணைக்கிறது. 1775 இல் வெட்டத் தொடங்கி, புரட்சியால் தடைப்பட்டு, 1832 இல்தான் முழுமை பெற்றது. அந்தக் காலத்தில் படகுகளுக்கு இயந்திரம் ஏது? குதிரைகளும், குதிரைக்கு வழியில்லாத இடத்தில் மனிதர்களும் கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தார்கள். அவர்கள் நடந்த வழியை இன்றும் 'இழுவைப் பாதை' என்றே பிரெஞ்சு மக்கள் அழைக்கிறார்கள். புகையிரதம் வந்த பிறகு சரக்குப் படகுகள் படிப்படியாகக் குறைந்தன. பாதை மட்டும் மிஞ்சியது. இன்று அதில் சைக்கிள்காரர்களும், நடப்பவர்களும், என்னைப் போன்ற மெதுவான ஓட்டக்காரர்களும் போகிறார்கள்.

ஓடத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் மேட்டில் நிற்காது. எனவே கால்வாயின் கரையும் மட்டமாகவே இருக்கும். நிலம் உயரும் இடங்களில் நீர்ப்பூட்டுகளை அமைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் பெரிய கதவுகள் கொண்ட கல் தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை அடைத்து மேலிருந்து தண்ணீரை விடுவார்கள். தண்ணீரோடு படகும் உயரும். பின் முன்கதவைத் திறந்து அனுப்புவார்கள். டிஜோனிலிருந்து மேலே போகையில் ஒவ்வொரு பூட்டும் சுமார் இரண்டரை மீற்றர்தான் உயரும். ஓடுபவருக்கும் ஏற்றம் அவ்வளவுதான். பூட்டின் அருகில் பத்துப் பதினைந்து அடி மூச்சு வாங்கும், பிறகு மறுபடியும் சமதரை. சுமை இழுத்தவர்களுக்காக இரக்கத்தோடு அமைத்த பாதை, நோய் சுமப்பவளுக்கும் இரக்கம் காட்டியது.

பூட்டுகளுக்கு இலக்கமும் உண்டு. கால்வாயின் உச்சியிலிருந்து எங்கள் பக்கம் இறங்கும் பூட்டுகள் 1 முதல் 76 வரை. டிஜோன் அருகில் அது ஐம்பதைத் தாண்டி நிற்கிறது. மேல்நோக்கி ஓடினால் இலக்கம் குறைந்துகொண்டே வரும். முதல் நாள் ஒரு பூட்டிலிருந்து அடுத்த பூட்டு வரை என்னால் ஓட முடியவில்லை. பாதி தூரம் நடந்தேன். தூண்டில் போட்டிருந்த ஒரு முதியவர் என்னைப் பார்த்து, "போன் குராஜ், மதாம்" என்றார். 'தைரியமாகப் போங்கள்' என்று பொருள். என் முக்காட்டைப் பார்ப்பார் என்று பயந்திருந்தேன். அவர் பார்த்தது என் களைப்பை.

அன்றிரவு உம்மாவுடன் கதைத்தபோது இதைச் சொன்னேன். உம்மா சிரித்துவிட்டு, "அப்ப ஒண்டாம் நம்பருக்குப் போகாம விட்ராத மகள்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் அவர் கேட்கும் முதற் கேள்வி, "இப்ப எத்தினையாம் நம்பர்?" என்பதுதான். பேரப் பிள்ளைகளின் சுகம் இரண்டாவதாகவே வரும்.

இனி, பாதையின் அழகைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஜோனை விட்டதும் கால்வாய் ஊஷ் ஆற்றின் பள்ளத்தாக்கினுள் நுழைகிறது. இரு பக்கமும் காடு அடர்ந்த குன்றுகள். வெலார் கிராமத்தருகில் பாரிஸ் புகையிரதப் பாதை உயரமான கல் வளைவுகளின் மேல் பள்ளங்களைக் கடந்து போவதைக் காணலாம். உண்மையைச் சொன்னால், இந்தப் பகுதியில் அதிவேகப் பாதையின் இரைச்சலும் கூடவே வரும். பொன்-து-பனி கிராமம் தாண்டிய பின்னர் வாகன ஓசை விலகி, தண்ணீரின் ஓசையும் தேவாலய மணியும் மட்டுமே காதில் விழும். வசந்த காலத்தில் அதிகாலைப் பனிமூட்டம் தண்ணீரின் மேல் வெள்ளைத் துணி விரித்தாற்போல் கிடக்கும். நாரைகள் கரையில் நிற்கும். கிட்டப் போனால் சலிப்போடு எழுந்து நூறு மீற்றர் முன்னே போய் இறங்கும். மீண்டும் நான் போவேன், மீண்டும் அது எழும். இவ்வாறு ஒரே நாரையோடு இரண்டு கிலோ மீற்றர் ஓடியிருக்கிறேன்.

2017 இலையுதிர் காலத்தில் ஒரு பாடம் படித்தேன். இதை நன்றாகக் கவனியுங்கள். உற்சாகத்தில் காலை உணவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மாத்திரையை மட்டும் வழமைபோல் போட்டுக்கொண்டு, ஒன்றேகால் மணித்தியாலம் ஓடினேன். என் மாத்திரை, உடலைத் தூண்டி இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கச் செய்யும் வகையைச் சேர்ந்தது. ஜிஸே கிராமத்துக்கு அப்பால் கை நடுங்கியது. குளிரிலும் வியர்த்தது. பூட்டின் இலக்கத்தை வாசிக்கிறேன், எண்கள் தெரிகின்றன, பொருள் விளங்கவில்லை. பூட்டருகில் இருந்த பழைய வீட்டின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வீட்டு மூதாட்டி வெளியே வந்து பார்த்தார். "டியாபெத்" என்ற ஒரு சொல் மட்டும் என் வாயில் வந்தது. அவர் உள்ளே ஓடிப்போய் மூன்று சீனிக் கட்டிகளைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். சீனியைக் கண்டால் ஓடு என்றார்கள். ஓடிய ஓட்டத்தில் சீனியே என்னைக் காப்பாற்றியது.

மூன்று கட்டிகள் ஏறத்தாழ 15 கிராம். இரத்தத்தில் சீனி அளவு மிகவும் குறைந்து, சுயநினைவோடு இருக்கும் ஒருவருக்கு முதலிற் கொடுக்க வேண்டிய அளவு அதுதான். 15 நிமிடம் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் இடாமல் உடனே வைத்திய உதவியை நாட வேண்டும். அந்த மூதாட்டிக்கு இது எப்படித் தெரியும் என்று பின்னர் கேட்டேன். அவருடைய கணவருக்கும் இதே வருத்தமாம். மறுநாளே வைத்தியரிடம் போனேன். மாத்திரையை மாற்றினார். ஓடுவதற்கு முன் இரத்தத்தைச் சோதிக்கவும், சட்டைப் பையில் சீனிக் கட்டி வைத்திருக்கவும், வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் விரல் இடுக்கு வரை பார்க்கவும் சொன்னார். உங்களில் யாருக்கேனும் இவ்வருத்தம் இருந்தால், ஓடத் தொடங்கும் முன் உங்கள் மாத்திரையைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். நான் பின்னால் கேட்டேன். நீங்கள் முன்னால் கேளுங்கள்.

2020 மார்ச் மாதம் கொரோனா காரணமாக நாடு அடைக்கப்பட்டது. வீட்டிலிருந்து ஒரு கிலோ மீற்றருக்கு மேல் போகக்கூடாது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது, கையில் கடிதம் வேண்டும் என்பது சட்டம். கால்வாய் எனக்கு எட்டாத் தூரமாயிற்று. கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். "நம்பர் அப்படியேதான் உம்மா" என்று சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. "நம்பர் எங்க போகப் போகுது? அது கல்லுல எழுதினது" என்றார் உம்மா.

பிரான்ஸில் பிள்ளைகள், உறவினர்கள் உள்ள வாசகர்கள் பலர் இருப்பீர்கள். வந்தால் நகரத்துக் கோபுரங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். எங்கள் பக்கம் வந்தால், ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை ஏறத்தாழ 44 கி.மீ. நீளத்துக்குப் பழைய புகையிரதப் பாதை ஒன்றைத் தண்டவாளம் அகற்றி நடைபாதையாக்கி இருக்கிறார்கள். 1997 இல் திறக்கப்பட்ட இதுவே நாட்டின் முதலாவது 'பசுமை வழி'. திராட்சைத் தோட்டங்களுக்கும் வெள்ளை மாடுகள் மேயும் புல்வெளிகளுக்கும் இடையே போகும். புகையிரதமும் செங்குத்து ஏற்றத்தை விரும்பாததால் இதுவும் முழங்காலுக்கு இதமானது. காட்டுப் பாதைகளில் மரங்களில் வெள்ளையும் சிவப்பும் சேர்ந்த கோடுகளைக் காண்பீர்கள். அவை நெடுந்தூர நடைபாதையின் அடையாளம். அதே நிறங்களில் குறுக்குப் புள்ளடி இட்டிருந்தால் வழி அதுவல்ல, திரும்புங்கள். இலையுதிர் காலம் தொடங்கி பெப்ரவரி முடிவு வரை வேட்டைக் காலம். அந்நாட்களில் காட்டினுள் பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணியுங்கள். தண்ணீர் முடிந்துவிட்டால் கிராமத்து மயானத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். 'நொன் பொத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

2022 மே மாதம் ஒரு ஞாயிறு காலை, இளைய மகளோடு கடைசிப் பகுதியை ஓடினேன். வந்தெனெஸ் கிராமத்தருகே குன்றின் உச்சியில் ஷாத்தோநெஃப் கோட்டை தெரிகிறது. கீழே தண்ணீரில் அதன் நிழல் தலைகீழாக நிற்கிறது. மகள் முன்னால் போவதும் நின்று காத்திருப்பதுமாக இருந்தாள். 5, 4, 3 என்று பூட்டுகள் நெருங்கி நெருங்கி வந்தன. எஸ்கொம் என்ற இடத்தில் இலக்கம் 1. கால்கள் இரண்டும் வலித்தன. இரண்டும் வலித்தன என்பதற்காக இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

அதற்கப்பால் உச்சி மட்டம். 378 மீற்றர் உயரத்தில் கால்வாய் 3,333 மீற்றர் நீளமான சுரங்கத்தினுள் புகுந்து மறைந்துவிடுகிறது. சுரங்கத்தில் நடைபாதை கிடையாது. பாதை மேலே மரங்களுக்கிடையில் போகிறது. கீழே எங்கோ தண்ணீர் போகிறது என்று காட்டக் காற்றுக் கிணறுகள் மட்டும் ஆங்காங்கே உண்டு. அங்கு நின்று உம்மாவுக்கு எடுத்தேன்.

"ஒண்டாம் நம்பர் உம்மா."

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு கேட்டார்:

"அந்தப் பக்கம் இறங்க எத்தினை பூட்டு?"

"நூற்றுப் பதின்மூன்று."

"ம்... அப்ப புதுச் சப்பாத்து ஒண்டு வாங்கு மகள். பழசு உராய்ஞ்சிரும்."