ஆவும் ஆவினும்

மாணவர்களே! அம்பத்தூரில் வைகறைதோறும் பால் வாங்கி வருதல் என் கடமை. பல்லாண்டு அவ்வுறையைக் கையில் ஏந்தியும், அதன்மேல் உள்ள 'ஆவின்' என்னும் சொல்லை யான் உற்று நோக்கியதில்லை. நோக்கச் செய்தவர் என் பழைய மாணவர் ஒருவர்.

முப்பது ஆண்டுகட்கு முன்னர், வேற்றுமைப் பாடம் நடந்தபொழுது அவர் எழுந்து, "சாரியை கற்பதனால் என்ன பயன், ஐயா?" என வினவினார். விடை கூற இயலாமையால் சினந்து, அவரை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். அவர் பின்னர்த் தொழிற்கூடப் பணியில் அமர்ந்து, ஹங்கேரி நாடு சென்று சில ஆண்டுகள் வாழ்ந்து மீண்டார். ஒரு நாள் பால் நிலையத்தருகே என்னைக் கண்டு வணங்கினார்.

"அந்நாட்டு மொழியை எங்ஙனம் கற்றீர்?" என்றேன்.

"அங்குப் பசுவைத் 'தெஹேன்' என்பர், ஐயா. நம் 'ஐ' உருபுபோல அவர்க்குத் 'த்' உண்டு. அது சேர்ந்தால் நெடில் குறுகித் 'தெஹெனெத்' ஆகும். நம் 'கு' உருபை ஒத்த 'நெக்' சேர்ந்தால் நெடில் குறுகாமல் 'தெஹேன்னெக்' என நிற்கும். உடன் வந்தோர் மயங்கினர். 'நாம்' என்பது 'நம்மை' எனக் குறுகுதலைத் தங்களிடம் கற்றிருந்த எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை" என்றார்.

இவ்வொப்புமை கொண்டு இரண்டும் ஓரின மொழிகள் எனத் துணிதல் ஆகாது. ஹங்கேரியம் உராலிய இனம். தமிழ் திராவிட இனம். தெஹேன் என்பதோ, வடமொழித் 'தேனு'வோடு உறவுடையதாய், ஈரானியக் கிளையினின்று அங்குச் சென்ற சொல் என்பர் மொழிநூலார். காமதேனுவின் உறவு அத்துணைத் தொலைவு சென்றுள்ளது!

அவர் என் கையிலிருந்த உறையைச் சுட்டி, "இதிலுள்ள 'இன்' சாரியைதானே, ஐயா?" என்றார். யான் திகைத்தேன். ஆ என்பது பசு. ஆ+இன் என்புழி வகர உடம்படுமெய் தோன்றி 'ஆவின்' ஆயிற்று. ஆவின் பால் என்பது ஆவினது பால். னகரம் பெற்று 'ஆன்' என நிற்றலும் உண்டு. 'ஆனைந்து' என்பதில் அதனைக் காணலாம். 1981ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையத்தின் பாலுக்கு இப்பெயர் வழங்குகின்றது. பேச்சுவழக்கில் 'ஆ' அருகிவிட்டது. ஆயினும் சாரியை அதனைத் தாங்கி, நாள்தோறும் நம் வீட்டு வாயிலுக்குக் கொணர்கின்றது.

"அன்று உம்மை வெளியே நிறுத்தியது என் பிழை" என்றேன். அவர் நகைத்து, "வெளியே நின்றும் பாடம் கேட்டேன், ஐயா" என்றார்.

மாணவர்களே! வினவுதற்கு அஞ்சாதீர். விடை அறியாத ஆசிரியர் சினக்கலாம், வினா வீண்போவதில்லை.