கறுப்பு வட்டத்தை எட்ட முப்பது ஆண்டுகள்

சையத் ஹைதர் ரஸா என்றதும் பலருக்கும் நினைவில் வருவது அந்தக் கறுப்பு வட்டம்தான். ‘பிந்து’ (புள்ளி) என்று அவர் பெயரிட்ட அதற்குத் தத்துவ விளக்கங்கள் ஏராளம். தூரிகை பிடிக்கிறவர்களுக்கு எழும் கேள்வி வேறு. 1950-லேயே பாரிஸ் போய்ச் சேர்ந்தவருக்கு, அந்த வட்டம் வசப்பட 1980 வரை ஏன் ஆயிற்று?

மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில் 1922-ல் பிறந்தவர் ரஸா. தந்தை வனத்துறை ஊழியர். அலைபாய்ந்த சிறுவனைப் பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாராம். ரஸாவே பலமுறை சொன்ன கதை இது. ஆனால் சுவரில் இருந்த புள்ளி நேராகக் கித்தானுக்குத் தாவிவிடவில்லை.

சூசா, ஹுசேன், ஆரா ஆகியோருடன் 1947-ல் பம்பாய் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியபோது அவர் கை நீர்வண்ண நிலக்காட்சிகளில் தேர்ந்திருந்தது. மறு ஆண்டு ஸ்ரீநகரில் அந்தப் படங்களைப் பார்த்த புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன், திறமை இருக்கிறது, கட்டுமானம் இல்லை, ஓவியர் செசானைப் படியுங்கள் என்றார். அந்தச் சொல்தான் ரஸாவைப் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையோடு பாரிஸுக்கு இட்டுச் சென்றது.

அங்கே முதலில் கட்டம் கட்டமாக அடுக்கிய வீடுகள் வந்தன. பிறகு எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் தடிமனாக அப்பிய கிராமங்கள். 1956-ல் பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவருக்கு முதன்முறையாகப் பாரிஸ் விமர்சகர் பரிசு கிடைத்தது அவருக்குத்தான். 1962-ல் பெர்க்லியில் கற்பிக்கப் போனவர் அமெரிக்காவில் ஓவியர் ராத்கோவின் நிறப் பரப்புகளைக் கண்டார். வீடுகள் கரைந்தன, நிறம் மட்டும் மிஞ்சியது.

இங்கேதான் பொருளின் குணம் குறுக்கிடுகிறது. தடித்த எண்ணெய்ப் பூச்சு உள்ளே காய வாரக்கணக்காகும். ஈரத்தின் மேல் ஈரம் வைத்தால் இரண்டும் குழைந்து மூன்றாவது நிறமாகும். இருண்ட காட்டை வரைய அது வாகானது. சுத்தமான விளிம்புக்குத் தோதுப்படாது. அக்ரிலிக் நிமிடங்களில் காயும்; மேலே இன்னொரு பூச்சு போட்டாலும் அடிநிறம் கரையாது. அதற்கு மாறிய பிறகே ரஸாவின் சதுரங்களும் முக்கோணங்களும் துலக்கமாக நிற்கத் தொடங்கின. இந்தியாவுக்குத் திரும்பத் திரும்ப வந்த பயணங்களும் ராஜஸ்தானி சிற்றோவியங்களும் அவருக்கு என்ன வரைவது என்பதைத் தந்தன என்றால், எப்படி வரைவது என்பதை அக்ரிலிக் தந்தது.

கறுப்பைக் கையாள்வது லேசில்லை. வெறுமனே பூசினால் கித்தானில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். பல பிந்து ஓவியங்களில் கறுப்பைச் சுற்றிச் சாம்பல் நிற வளையங்கள் படிப்படியாக வெளுத்துக்கொண்டு போகின்றன. அந்தப் படிகள்தான் நடுக்கறுப்பை முன்னே தள்ளுகின்றன. 1981-ல் வரைந்த ‘மா’ ஓவியத்தில் கறுப்பு வட்டத்தோடு அசோக் வாஜ்பேயியின் கவிதை வரியைத் தேவநாகரியில் எழுதிச் சேர்த்தார். எழுத்தும் அங்கே ஒரு வடிவமாகவே நிற்கிறது.

இரண்டு மீட்டர் சதுரமான ‘சௌராஷ்டிரா’ ஓவியம் (1983) 2010-ல் 16 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. அந்த ஆண்டின் இறுதியில் டெல்லி திரும்பிய ரஸா 2016-ல் காலமானார். மண்டலாவில் தந்தையின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

‘சௌராஷ்டிரா’ இப்போது டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பார்க்க வாய்த்தால் பிந்துவின் பொருளைப் பிறகு யோசியுங்கள். முதலில் கிட்டே போய், நிறமும் நிறமும் சந்திக்கும் விளிம்புகளைப் பாருங்கள்.