காதுக்குள் ஒலிப்பதும் அறைக்குள் ஒலிப்பதும்

இசை கேட்பதற்கென ஒரு தொகையைச் சேர்த்து வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்குவதா, அல்லது மிக உயர்ந்த ரக ஹெட்போன் ஒன்று வாங்குவதா? நாற்பது ஆண்டுகள் அரசியலை எழுதிய ஒருவனிடம் இதைக் கேட்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பத்திரிகைத் தொழிலுக்கு அடுத்தபடியாக என் நேரத்தையும் பணத்தையும் விழுங்கியது இந்த ஒலிப் பைத்தியம்தான் என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவர்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு சொல். ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்று எழுதுவதே முறை. ஆனால் எம்மவர்க்கு ஒலிபெருக்கி என்றதும் கோயில் திருவிழாவில் உயரத்தில் கட்டப்படும் குழாய்தான் நினைவுக்கு வரும். செவிப்பன்னி என்ற அழகான சொல்லையும் இன்று பலர் மறந்துவிட்டனர். ஆகவே மக்கள் வழங்கும் சொற்களையே இங்கு கையாளுகிறேன்.

ஹெட்போன் எனக்கு முதலில் தொழிற்கருவியாகவே அறிமுகமானது. கசெற்றில் பதிவு செய்த நேர்காணல்களை முன்னும் பின்னும் ஓடவிட்டு எழுத்தில் இறக்குவது அக்காலத்தில் எங்களுக்கு நித்திய கருமம். ஒலிப்பதிவுக் கருவியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்டால் அமைச்சர் ஒருவர் கூறிய பதில் மட்டும் கேட்கும். ஹெட்போனில் கேட்டால் அந்தப் பதிலுக்கு முன் அவர் எடுத்த மூச்சும், மேசையில் புரண்ட கடதாசியும், பக்கத்தில் இருந்த அதிகாரி முணுமுணுத்து எடுத்துக்கொடுத்த சொல்லும் கேட்கும். மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவதில் ஹெட்போனுக்கு நிகரில்லை என்பதை நான் இசையில் அல்ல, அரசியல்வாதிகளின் குரல்களில்தான் கற்றுக்கொண்டேன்.

இன்று என் வீட்டில் இருப்பவை இரண்டு. ஒன்று சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 600. 1997இல் சந்தைக்கு வந்த இந்த ஹெட்போன் இன்றும் விற்பனையாகிறது. இதன் முதுகு மூடப்பட்டதல்ல. கம்பிவலை வழியே ஒலி வெளியேயும் கசியும். இந்தத் திறந்த அமைப்பை அதே ஜேர்மன் நிறுவனம் 1968இல் எச்.டி. 414 என்ற ஹெட்போனில் அறிமுகப்படுத்தியது. மூடிய கிண்ணத்துக்குள் ஒலி முட்டிமோதித் திரும்பாததால், திறந்த ஹெட்போனில் குரல் இயல்பாக ஒலிக்கிறது.

மற்றையது எல்.எஸ். 3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர் சோடி. லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர் வீடு மாறியபோது எனக்குக் கொடுத்தனுப்பியது. உயரம் 30 சென்ரிமீற்றர், அகலம் 19, ஆழம் 16. புத்தக அலுமாரியில் அடங்கும் பெட்டி. இதை வடிவமைத்தது வணிக நிறுவனம் அல்ல, பி.பி.சி.யின் பொறியியலாளர்கள். வெளிக்கள ஒலிபரப்புக்குச் செல்லும் வாகனங்களின் ஒடுங்கிய அறைகளில் அமர்ந்து ஒலியின் தரத்தை மதிப்பிடுவதற்காக 1970களில் உருவாக்கினார்கள். பின்னர் அனுமதி பெற்ற பல நிறுவனங்கள் அதனைத் தயாரித்து விற்றன.

இந்த ஸ்பீக்கரைப் பற்றி பி.பி.சி. 1976இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், இடம் மிகக் குறைவாகவும் அதேவேளை ஹெட்போன் திருப்தி தராததாகவும் இருக்கும் சூழ்நிலைகளுக்காகவே இது தேவைப்பட்டது என்று காரணம் கூறப்பட்டிருக்கிறது. இடம் இல்லாவிட்டால் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வேலையை முடித்திருக்கலாமே? ஒலியையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏன் அதை ஏற்கவில்லை? நண்பர்களின் கேள்விக்கான விடையில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பேன்.

ஸ்ரீரியோ இசை இரண்டு ஸ்பீக்கர்களுக்காகக் கலக்கப்படுவது. இடப்பக்க ஸ்பீக்கரின் ஒலி என் இடக் காதுக்கு மட்டும் வருவதில்லை. அது வலக் காதுக்கும் வருகிறது. ஆனால் ஒரு வினாடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு தாமதித்து, தலையால் சற்று மறைக்கப்பட்டு மங்கலாக வருகிறது. இந்தச் சிறிய வேறுபாட்டை வைத்துத்தான் பாடகர் எங்கே நிற்கிறார், வயலின் எங்கே இருக்கிறது என்று மூளை கணக்கிடுகிறது. ஹெட்போனில் இடப்பக்க ஒலி இடக் காதுக்கு மட்டுமே. கணக்குப் பிழைக்கிறது. பாடகர் எமக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாக எமது மண்டைக்குள் நிற்கிறார். ஒரே தடத்தில் பதிவான பழைய பாடல்களைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்பீக்கரில் அந்தக் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே வெற்றிடத்திலிருந்து வரும். ஹெட்போனில் இரு புருவங்களுக்கும் பின்னாலிருந்து வரும்.

அப்படியானால் ஸ்பீக்கர்தான் சிறந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. ஸ்பீக்கர் வாங்குபவர் தன் அறையையும் சேர்த்தே வாங்குகிறார். வெள்ளவத்தையில் என் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், 12 அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்கள் ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ் அதிர்வையும் அதன் மடங்குகளையும் பிடித்து வைத்துக்கொண்டு முழங்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒரு மூலையில் இருந்து கேட்டால் இடிமுழக்கம். கதிரையை நடுவுக்கு இழுத்துப் போட்டால் காணாமலே போய்விடும். கருவியை மாற்றாமல் கதிரையை மாற்றினாலே கச்சேரி மாறிவிடுகிறது. பெரிய ஸ்பீக்கர்களை இந்த அறையில் வைப்பது கிணற்றுக்குள் யானையை இறக்குவது போன்றது. இதற்கு மேல், ஒருபுறம் காலி வீதியின் பஸ் வண்டிகள், மறுபுறம் கடலோர ரயில். மென்மையான ஆலாபனை ஒன்றின் கடைசி இழையை ரயில் கொண்டுபோய்விடும்.

ஹெட்போனுக்கு அறை இல்லை. சுவர் இல்லை, மூலை இல்லை. ஒலியின் அளவு குறைந்த இடங்களில்கூட தம்புராவின் தந்திகள் தனித்தனியே கேட்கும். திறந்த ஹெட்போன் பஸ்ஸின் இரைச்சலைத் தடுக்காது என்றாலும் இசை காதுக்கு அருகில் இருப்பதால் இழப்பு குறைவு. பணக் கணக்கும் ஹெட்போனுக்கே சாதகம். சில நூறு டொலர்களில் கிடைக்கும் நல்ல ஹெட்போன் ஒன்றின் தெளிவை ஸ்பீக்கரில் பெற வேண்டுமானால் பல ஆயிரம் டொலர்களும், அதற்கேற்ற ஓர் அறையும் வேண்டும்.

உச்ச விலைப் பொருட்களையும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ரொறன்ரோவில் பழைய நண்பர் ஒருவரின் நிலக்கீழ் அறையில், 1957இல் பிரித்தானியாவில் பீற்றர் வோக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் மின்னிலை ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. பெட்டியே கிடையாது, இரண்டு துளைத்தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலம் அதிர்ந்து ஒலியெழுப்புகிறது. அதே தத்துவத்தில் யப்பானின் ஸ்ரக்ஸ் நிறுவனம் செய்யும் ஹெட்போனும் அவரிடம் உண்டு. இரண்டிலும் ஒரே நாதஸ்வரப் பதிவைக் கேட்டோம். ஸ்ரக்ஸில் சீவாளியில் உதடு பதியும் ஓசைகூடத் தெரிந்தது. குவாட்டில் அந்த நுணுக்கம் சற்றுக் குறைவு. ஆனால் நாதஸ்வரம் அறையில் இருந்தது. "அதில் கேட்பது இசை, இதில் கேட்பது இசைக்காரர்" என்றார் நண்பர். எதை எதில் கேட்டதாகச் சொன்னார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்று எண்ணுவோருக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். ஃபுளோய்ட் டூலும் ஷோன் ஒலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், திரைக்குப் பின்னால் வைத்த ஸ்பீக்கர்களுக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்கள், அதே ஸ்பீக்கர்களைக் கண்ணால் கண்ட பின் மாறிவிட்டன. பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளைக் கண்டதும் காது கண்ணுக்குப் பணிந்துவிட்டது. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தது. அவற்றின் விலைக்கும் ஒலி அலைவரிசைகளை அவை வெளிப்படுத்தும் முறைக்கும் தொடர்பில்லை என்பது அதன் முடிவு. செய்தியாளன் எவனும் ஒரு தரப்பின் அறிக்கையை மட்டும் நம்பக்கூடாது. விலைச்சீட்டும் ஒரு தரப்பின் அறிக்கைதான்.

தரம் பற்றிய கணக்கு இவ்வளவே. ஆனால் கேட்பது என்பது தரம் மட்டுமல்ல. 1925ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இரு பொறியியலாளர்கள் இன்றைய ஸ்பீக்கருக்கு முன்னோடியான வடிவத்தை உலகுக்கு அறிவித்தனர். அதே ஆண்டு டிசெம்பரில் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. வானொலியின் ஆரம்ப காலத்தில் பலர் செவிப்பன்னியை மாட்டிக்கொண்டு தனித்தனியேதான் கேட்டனர். ஸ்பீக்கர் வந்த பிறகே வானொலி வீட்டுக்கும் அயலுக்கும் பொதுவானது. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களை எங்கள் தலைமுறை குடும்பத்தில் ஒருவராக எண்ணியதற்கு அவர்களின் தமிழ் மட்டும் காரணமல்ல. அவர்கள் விறாந்தையில், எல்லோருக்கும் நடுவில் இருந்து கதைத்தார்கள்.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டனர் மக்கள். சுழற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். உடனே இன்னொருவர் கைகொடுப்பார். அந்த ஸ்பீக்கர் உள்ளங்கை அளவானது. ஒலித்தரம் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. ஆயினும் அதைவிடக் கூர்ந்து கேட்கப்பட்ட ஸ்பீக்கர் எதையும் நான் அறியேன். அதே காலத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த எம்மவர், பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக ஒற்றைக் காதில் செவிப்பன்னியைச் செருகிக்கொண்டு பி.பி.சி. தமிழோசை கேட்டனர். கூடிக் கேட்பதற்கும் ஒளித்துக் கேட்பதற்கும் இடையிலான தூரம் அக்காலத்தில் வெறும் ரசனையின் தூரம் அல்ல.

2022இல் பொருளாதாரம் சரிந்து நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு ஏற்பட்ட நாட்களில், எல்.எஸ். 3/5ஏ மௌனமாகிவிட்டது. கைத்தொலைபேசியில் எஞ்சியிருந்த மின்னில் ஹெட்போன்தான் பாடியது. அந்த இருட்டில் அது எனக்குச் செய்த உதவியை மறக்கமாட்டேன். ஆனால் என் மனைவி சொன்ன ஒரு வாக்கியத்தையும் மறக்கவில்லை. "விளக்கும் இல்லை, நீங்களும் இல்லை" என்றார்.

இன்னொரு விடயம், எல்லாவற்றையும்விடப் பாரதூரமானது. அறுபதைக் கடந்த பின் மேல் அலைவரிசைகள் எனக்கு மெல்ல விடைபெறத் தொடங்கின. செவிப் பரிசோதனை வரைபடத்தில் கோடு வலப்பக்கம் சரிந்து இறங்குவதைக் கண்டேன். இது முதுமையில் பலருக்கும் நேர்வது. உயிரெழுத்துகள் நன்றாகக் கேட்கும். ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் மங்கும். வாழ்நாளெல்லாம் பிறர் பேச்சைக் கேட்டு எழுதிப் பிழைத்தவனுக்கு இது சிறிய செய்தியல்ல. இப்படிப்பட்டவர் ஹெட்போனை மாட்டினால், தெளிவைத் தேடிக் கை தானாகவே ஒலியைக் கூட்டும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 டெசிபலுக்குப் போனால் 4 மணித்தியாலம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஸ்பீக்கரைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். ஹெட்போனைக் கூட்டினால் தட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

எனவே நண்பர்களுக்கு என் விடை இதுதான். தனியே, வாடகை அறையில், இரைச்சலுக்கு நடுவே வாழ்பவர் நல்ல திறந்த ஹெட்போன் ஒன்றை வாங்கட்டும், அளவோடு கேட்கட்டும். சொந்தமாக ஓர் அறையும், அதில் வந்து அமரக்கூடிய ஒருவரும் இருந்தால், அறைக்கேற்ற சிறிய ஸ்பீக்கர் சோடி போதும். அவற்றைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, காதின் உயரத்தில் வைத்து, மிச்சப் பணத்தில் தரைவிரிப்பும் திரைச்சீலையும் வாங்கலாம். எதிரொலியை அடக்குவதில் அவை விலையுயர்ந்த கம்பிகளைவிடப் பயன் தரும்.

நான் இப்போது பதிவொன்றை ஆராய வேண்டுமானால் ஹெட்போனை எடுக்கிறேன். கேட்க வேண்டுமானால் ஸ்பீக்கரைப் போடுகிறேன். அதில் சில நுணுக்கங்கள் தவறிப்போகின்றன; ரயில் வந்தால் இன்னும் சில. ஆனால் சமையலறையிலிருந்து ஒருவர் "இந்தப் பாட்டு யார் பாடியது?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வியும் என் காதில் விழுகிறது.