இரண்டு பிள்ளை, இரண்டு படுக்கை

இரட்டைப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள். நடுச்சாமம், பால் கொடுத்தபடியே கட்டிலில் கண்ணயர்ந்துவிட்டோம். முழித்துப் பார்த்தால் சின்னவனின் முகத்தில் எங்கள் போர்வை. பதறித் தூக்கினோம். அழுதான். அந்த அழுகைக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். பாடசாலையில் சுகாதாரம் படிப்பிக்கிறவர்கள் நாங்கள், வெட்கம்தான்.

விடிந்ததும் மிட்வைப் மிஸ் வந்தா. உம்மா ஆசையாகத் தைத்த இலவம்பஞ்சுத் தலகாணிகளை முதலில் எடுத்து வைத்தா. ஏணையும் வேண்டாம், இரண்டு பேருக்கும் ஒரே தொட்டிலும் வேண்டாம். உங்கள் அறையிலேயே ஆளுக்கொரு இறுக்கமான, தட்டையான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்றா.

"பால் கக்கினா?" உம்மா விடவில்லை. மல்லாக்கப் படுப்பதால் புரையேறுவது கூடுவதில்லையாம்.

உம்மாவுக்கு இன்னும் கோபம். தலகாணி இரண்டும் அலுமாரிக்குள்.