சும்மா இருந்த பொழுது

கோடை முகாம் என்பது மேனாட்டார் வழக்கமென்றே நம்மவர் பலர் எண்ணுவர். அதிலும் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான முகாம் என்றால், "பாவம், அப்பிள்ளைகளை ஏன் வெயிலில் அலைக்கழிக்க வேண்டும்?" என வினவுவோரும் உளர். அத்தகைய முகாமொன்றில் மூன்று நாள் தங்கி வந்த நாம், அங்கே கண்ட மகிழ்ச்சியைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

இவ்வழக்கத்திற்குப் பெயர்பெற்ற முன்னோடி ஒன்று உண்டு. 1962ஆம் ஆண்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் சகோதரியாகிய யூனிஸ் கென்னடி சிரைவர், மேரிலாந்திலிருந்த தமது வீட்டு வளவையே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் கோடை முகாமாக்கினார். அவருடைய தமக்கை ரோஸ்மேரியும் அத்தகைய குறையுடன் வளர்ந்தவரே. இப்பிள்ளைகளால் இயலாதென்று பிறர் கைவிட்ட நீச்சலும் பந்தாட்டமும் அங்கே நாளாந்த விளையாட்டாயின. அம்முயற்சியே வளர்ந்து, 1968 யூலையில் சிக்காகோ நகரில் முதலாவது விசேட ஒலிம்பிக் போட்டியாக மலர்ந்தது.

நாம் சென்ற முகாமோ மிகச் சிறியது. சென்ற ஓகஸ்ட் விடுமுறையில், காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கு அண்மையில், பாடசாலை மண்டபமொன்றில் பன்னிரண்டு குடும்பங்கள் கூடின. எமது உயர்தர வகுப்பு மாணவர், ஒரு பிள்ளைக்கு ஒருவராகத் துணைவந்தனர்.

அக்கடல் நெடுந்தூரம் ஆழமின்றிக் கிடப்பது. மணலில் சக்கர நாற்காலி உருளாது. ஆகவே மாணவர் பலகைகளைப் பரப்பி வழியமைத்தனர். மூளை முடக்குவாதத்தால் கைகால் இறுகிய சிறுவன் ஒருவனை இருவர் நீரில் ஏந்தி நின்றனர். தரையிலே பாரமாயிருந்த உடல் நீரிலே இலேசாகி மிதக்க, அவன் சிரித்த சிரிப்புக் கரைவரை கேட்டது. மாலையில் பாடசாலை முற்றத்திலே கிளித்தட்டு. சக்கர நாற்காலிக்காகத் தட்டுகளை அகலமாகக் கீறினர். நாற்காலியில் இருந்தவனே கிளி. பின்னின்று தள்ளியவள் அவன் தங்கை. அண்ணனும் தானும் ஒரே பக்கத்தில் விளையாடியது அதுவே முதன்முறை என்றாள்.

ஆயினும் எம் மனத்தை நிறைத்த காட்சி கரையிலேதான் இருந்தது. சோளகக் காற்று வீச, தாய்மார் சவுக்கு மர நிழலில் பாய் விரித்து இருந்தனர். அவர்களுள் ஒருத்தி சொன்னாள்: "மாஸ்டர், பதினொரு வருசத்திலை இண்டைக்குத்தான் நான் சும்மா இருக்கிறன்."

அச்சொல்லை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். கோயிலிலே பிள்ளை கூச்சலிட்டால் தாய் மன்னிப்புக் கேட்கிறாள். பஸ்ஸிலே அருகிருப்பவர்மீது எச்சில் வடிந்தால் மன்னிப்புக் கேட்கிறாள். கலியாண வீடுகளுக்கோ அவள் போவதேயில்லை. இம்முகாமிலே எவரும் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடலும் விளையாட்டும் மகிழ்ச்சி தந்தன என்பது மெய். அவற்றிலும் மேலான மகிழ்ச்சியைத் தந்தது இந்த நிம்மதியே.

மூன்றாம் நாள் மாலை பஸ் வந்தபோது தாய்மார் முகம் வாடிற்று. வீட்டுப் படலையைத் திறந்ததும் பழைய தனிமை காத்திருக்குமென்பதை அவர்கள் அறிவர். அதனைக் கண்ட எமது மாணவர் இருவர், இப்பொழுது சனிக்கிழமைதோறும் அச்சிறுவன் வீட்டுக்குச் சென்று இரண்டு மணி நேரம் அவனோடு விளையாடுகின்றனர். தாய் சந்தைக்குப் போகிறாள்; சில நாள் ஒன்றுமே செய்யாது திண்ணையில் இருக்கிறாள்.

வாசக அன்பர்களே, முகாம் நடத்துதல் யாவர்க்கும் இயலாது. ஆயின் உங்கள் ஒழுங்கையிலும் இத்தகைய வீடு ஒன்று இருத்தல் கூடும். இரண்டு மணி நேரம் அப்பிள்ளையோடு விளையாடி வாருங்கள்; அந்தத் தாயையும் சற்றே சும்மா இருக்க விடுங்கள்.