பகலில் பார்க்க வேண்டிய விளக்குகள்

2012 கோடையில் செயின்ட் லூயிஸில் மகள் வீட்டில் இருந்தோம். ஹென்றி ஷா என்கிற வியாபாரி 1859-ல் திறந்து வைத்த மிசௌரி தாவரவியல் பூங்காவில் அந்த வருஷம் சீன விளக்குத் திருவிழா. 'ராத்திரிதாம்ப்பா பாக்கணும், பகல்ல போய் என்ன பண்ணப் போறீங்க?' என்றாள் மகள். ஒன்பது மணிக்கு மேல் எனக்குக் கண் சொக்கும். பகலிலேயே போனோம்.

நல்லதாகப் போயிற்று. தூரத்தில் டிராகனாகத் தெரிந்தது கிட்டே போனால் சாப்பாட்டுத் தட்டு, கோப்பை, ஸ்பூன்! எல்லாம் பீங்கான். ஒவ்வொன்றையும் கையால் கட்டியிருந்தார்கள். தட்டுக்குத் தட்டு முடிச்சு. ராத்திரி விளக்குப் போட்டால் முடிச்சு யார் கண்ணில் படும்?

செய்தவர்கள் சிச்சுவான் மாநிலத்து ஸிகோங் ஊர்க்காரர்கள். கடலே இல்லாத உப்பு ஊர் அது. மூங்கில் கயிற்றில் இரும்பு உளியைக் கட்டி, தூக்கித் தூக்கிப் போட்டே பூமியைத் துளைத்து 1835-ல் ஆயிரம் மீட்டரைத் தாண்டினார்கள். கூடவே கிளம்பிய எரிவாயுவைக் கொளுத்தி, அதிலேயே உப்புக் காய்ச்சினார்கள். அந்தப் பொறுமைதான் விளக்குக்கும் வந்திருக்க வேண்டும். கம்பியை வளைத்து வெல்டிங் வைத்து, உள்ளே பல்பு மாட்டி, மேலே பட்டுத்துணி ஒட்டுகிறார்கள். பட்டுப்பூச்சிக் கூட்டையும் விடுவதில்லை. சின்ன மருந்து பாட்டிலில் கலர் தண்ணீர் நிரப்பி அடுக்கியும் மிருகம் செய்வார்கள். 'நம்ம வீட்டு மருந்து பாட்டிலுக்கு ஒரு யானையே பண்ணலாம்' என்றாள் மனைவி.

சீனர்களுக்குச் செடி வெறும் அலங்காரம் இல்லை. பிளம், ஆர்க்கிட், மூங்கில், சாமந்தி நான்கும் 'நான்கு கனவான்கள்'. பனியிலும் பூப்பது பிளம். வளைவது, ஆனால் ஒடியாதது மூங்கில். மற்றதெல்லாம் உதிர்ந்த பிறகு குளிரில் மலர்வது சாமந்தி. (நம் மாலையில் இருக்கும் சாமந்திக்கும் பூர்வீகம் சீனாதான்.) ஜாடியிலும் திரையிலும் இவற்றை வரைந்தால் அது மனுஷ குணத்தைப் பற்றிய பேச்சு.

ஆனால் அந்தப் பூங்கா செய்த பெரிய சீனக் காரியம் டிராகன் இல்லை. சீன அறிவியல் கழகத்தோடு சேர்ந்து, சீனாவில் விளையும் செடிகொடிகளை ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். 'ஃப்ளோரா ஆஃப் சைனா' என்று பெயர். 1994-ல் முதல் தொகுதி வந்தது, 2013-ல் முடிந்தது. படத் தொகுதிகளையும் சேர்த்து 49. அதில் 31,000-க்கு மேல் இனங்கள். மூங்கிலில் மட்டும் 500-க்கு மேல்! தண்டை மூடும் மட்டையில் ரோமம் உண்டா இல்லையா என்று பார்த்துப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். இதுவும் முடிச்சு போடுகிற வேலைதான். டிக்கெட் வாங்கி யாரும் வரிசையில் நிற்காத வேலை.

அமெரிக்கப் பக்கம் பீட்டர் ரேவன், சீனப் பக்கம் வூ செங்யி தலைமை தாங்கினார்கள். வூ 1916-ல் பிறந்தவர். புத்தகம் முடிந்த அதே 2013-ல், ஜூன் மாதம் காலமானார். அத்தனை செடி விவரமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூங்கிலிலிருந்து ஆரம்பியுங்கள்.