மரத்தை மொட்டையடிக்கலாமா?

இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு பாடசாலையினர் கேட்டபோது, ரொறன்ரோவில் மரம் வெட்டிப் பிழைக்கும் எங்களிடம் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினோம். மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் எழுதும் பக்கங்கள் இவை. ஆயினும் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான சிக்கலொன்று எமது தொழிலில் எவரும் காணும்படி நிற்கிறது. பணம் தருபவர் தகாததொன்றைச் செய்யும்படி வற்புறுத்தினால், தொழில் தெரிந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதே அது.

எங்களை அழைப்போருட் பலர், சிறப்பாக எம்மவர், கேட்பது ஒன்றே. "தம்பி, உந்த மரம் வீட்டுக்கு மேலாலை போகுது. நடுவிலை தறிச்சு மொட்டையாக்கி விடுங்கோ." அடிமரத்தையும் பெருங்கொப்புகளையும், கவர் எங்கே, பக்கக்கிளை எங்கே என்று நோக்காது, ஓர் உயரத்தில் குறுக்கே அறுத்துக் கட்டைகளாக நிறுத்திவிட வேண்டும் என்பதே அதன் பொருள்.

இவ்வாறு கேட்பவரை அறியாமை கொண்டவர் என்று எள்ளுவது எமக்கு உடன்பாடன்று. அவர்தம் அச்சம் உண்மையானது. 2013 டிசம்பர் 21, 22ஆம் நாள்களில் பெய்த பனிக்கட்டி மழையை இந்நகரத்தார் எளிதில் மறவார். கொப்புகள் கண்ணாடி பூசியவைபோல் பாரமேறி முறிந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்து, நத்தார்ப் பண்டிகையைப் பலர் இருளிலும் குளிரிலும் கழித்தனர். 2022 மே 21ஆம் நாள் ஒன்ராறியோவைக் கடந்த சூறைக்காற்றில் மரம் வீழ்ந்து உயிரிழந்தோரும் உளர். ஸ்காபரோவின் பழைய குடியிருப்புகளில் விரைந்து நிழல் தரும் என்று நட்ட வெள்ளி மேப்பிள்கள் இன்று கூரைகளை விட மும்மடங்கு உயர்ந்து நிற்கின்றன. அம்மரம் விரைவில் வளரும். விரைவில் முறியவும் செய்யும்.

மற்றொரு காரணம் எமது ஊர்ப்பழக்கம். யாழ்ப்பாணத்து வேலிகளிற் கிளுவையையும் பூவரசையும் முள்முருக்கையும் ஆண்டுதோறும் வெட்டிப் பசளைக்குக் குழை எடுத்தோம். முருங்கையைத் தறித்தால் முன்னிலும் பெருகித் தளைத்தது. அங்கே அது பிழையன்று. இளமை முதல் ஒரே இடத்தில் அடிக்கடி வெட்டப்படும் வேலிமரத்திற்கு வெட்டுக்காயம் சிறியது; குழை வேண்டும் என்பதே நோக்கம்; முருங்கைக்கொப்பு முறிந்தாலும் கோடியிலே மணலில் விழும். ஐரோப்பிய நகரங்களிற் சில தெருமரங்களை இளமையிலேயே தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே முண்டுகள் வரை வெட்டிவரும் முறையும் இத்தகையதே. ஐம்பது ஆண்டுகள் தன்போக்கில் வளர்ந்த மேப்பிள் மரத்தை ஒரு காலைப்பொழுதில் தலையறுப்பதோ முற்றிலும் வேறு. (பனைக்கும் தென்னைக்கும் குருத்து ஒன்றே, வட்டு போனால் மரமே போயிற்று. போர்க்காலத்தில் எறிகணை வீச்சில் தலையிழந்து நின்ற பனைகளைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.)

மேப்பிள் உடனே சாவதில்லை. அதுவே பலரை ஏமாற்றுகிறது. இலைகளே மரத்தின் சமையலறை. அவற்றை ஒருங்கே இழந்த மரம், வேரிலும் தண்டிலும் சேமித்த மாப்பொருளைச் செலவிட்டு, பட்டையின் கீழ் உறங்கிய மொட்டுகளை அவசரமாக எழுப்புகிறது. ஒவ்வொரு கட்டையின் விளிம்பிலும் விளக்குமாற்று ஈர்க்குகள்போற் பல தளிர்கள் கிளம்பிச் சில ஆண்டுகளிற் பழைய உயரத்தைத் தொடுகின்றன. இயல்பான கிளையின் அடி தாய்த்தண்டின் வைரத்தோடு ஆண்டுக்காண்டு பின்னி வளர்ந்தது. இத்தளிர்களோ மேற்புற மரப்படைகளில் மாத்திரம் பற்றியவை. அவற்றின் கீழே கட்டையின் வெட்டுவாய் வழியாக உக்கல் இறங்குகிறது. நிழலிலிருந்த மெல்லிய பட்டை திடீரென வெயிலுக்கு வெளிப்பட்டு வெடிப்பதும் உண்டு. ஆகவே காற்றுக்கு அஞ்சி மொட்டையடித்தவர் பத்தாண்டுகளின் பின், முன்னிருந்த உயரத்தில், முன்னிலும் பலவீனமான கொப்புகளின் கீழ் உறங்குகிறார்.

இதனை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க வனத்திணைக்களத்திற் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ (1930 – 2006). ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி வாளால் நீளவாக்கிற் பிளந்து உக்கலின் வழியை ஆராய்ந்த அவர், மரத்தின் காயம் எமது தோற்காயம்போல் ஆறுவதில்லை என்றார். மரம் பழுதுற்ற பகுதியைச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு, அதன் வெளியே புதிய மரத்தை வளர்த்துக் கொள்கிறது. பக்கக்கிளையின் அடியிற் காணப்படும் தடித்த கழுத்துப்பகுதியைக் காயப்படுத்தாமல் வெட்டினால் அச்சுவர் உறுதியாக எழும். நடுத்தண்டிற் குறுக்கே வெட்டினால் சுவரெழுப்ப வாய்ப்பான இடமே இல்லை. 1924இல் தோன்றிய அனைத்துலக மரவளர்ப்புச் சங்கமும் மொட்டையடித்தலை நீண்டகாலமாகக் கண்டித்து வருகிறது.

இவ்வளவையும் விளக்கிய பின்னரும் சிலர் கேட்பர்: "மரம் என்ரை, காசு என்ரை. உங்களுக்கென்ன?" நியாயமான கேள்வி. சட்டம் இதற்கு ஒரு விடை வைத்துள்ளது. ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தை, அது தனியார் வளவில் நின்றாலும், மாநகரத்தின் அனுமதியின்றிச் சேதப்படுத்தலாகாது. எல்லைக்கோட்டில் நிற்கும் மரமோ ஒன்ராறியோச் சட்டப்படி இரு வீட்டாருக்கும் பொதுவானது. ஆனால் சட்டத்தைக் காட்டி வாயடைப்பதில் எமக்குத் திருப்தியில்லை. சட்டம் தொடாத சிறுமரத்திலும் கேள்வி அப்படியே இருக்கிறது. நாங்கள் வெட்டும் கட்டையின் பலனை அனுபவிக்கப் போகிறவர் பெரும்பாலும் எங்களுக்குப் பணம் தந்தவரல்லர். வீட்டை நாளை வாங்குபவர், வேலிக்கு அப்பால் விளையாடும் பிள்ளை, அந்த உக்கிய கட்டையில் கயிறு கட்டி ஏறப்போகும் இன்னொரு தொழிலாளி ஆகியோர் எவரும் எங்களோடு விலைபேச வந்ததில்லை.

"நீங்கள் வெட்டாவிட்டால் வேறொருத்தன் வெட்டுவான்" என்பது அடுத்தது. உண்மைதான், வெட்டுகிறான். ஆனால் அந்த வாதத்தை ஏற்றால் உலகிற் செய்யத்தகாத வேலை எதுவுமே மிஞ்சாது. இங்கே வெளியார் அறியாத இரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மொட்டையடிப்பதே எமது தொழிலில் இலகுவான வேலை. எந்தக் கிளையை விடுவது என்று சிந்திக்க வேண்டியதில்லை. நுனிக்கொப்பு வரை ஏற வேண்டியதில்லை. வாடிக்கையாளர் சில ஆண்டுகளில் மீண்டும் அழைப்பார். மறுப்பதால் இழப்பது அன்றைய கூலி மட்டுமன்று, அந்தத் தொடர் வருமானமும்தான். நல்லவர்கள் என்று பெயரெடுக்க இதனைச் சொல்லவில்லை. மறுக்கும் தொழிலாளி வேலைக்குச் சோம்பி மறுக்கிறான் என்று எண்ணுவோர் இருப்பதால் சொல்கிறோம்.

வெறுமனே மறுத்துவிட்டு வண்டியை எடுப்பதும் போதாது. அவர் கேட்பது வெட்டை. அவருக்கு வேண்டியது நித்திரை. ஸ்காபரோவில் ஓர் அம்மையார், 2013க்குப் பின் காற்றடிக்கும் இரவுகளில் மேல்மாடியிற் படுப்பதில்லை என்றார். "பிள்ளையள், உதை அரைவாசியாக்கி விடுங்கோ" என்று கெஞ்சினார். ஏறிப் பார்த்தோம். அறைக்கு மேலே பட்டுப்போன கொப்பு ஒன்று. அதற்கப்பால் பட்டை உள்ளே மடிந்து பிளக்கக்கூடிய கவர் ஒன்று. பட்ட கொப்பை அகற்றினோம். கூரைக்கு மேல் நீண்ட கொப்பை, அதன் பருமனில் மூன்றிலொரு பங்கேனும் உள்ள பக்கக்கிளை வரை குறுக்கினோம். கவரின் இரு தண்டுகளையும் மேலே உருக்குக் கம்பிவடத்தால் இணைத்தோம். வெட்டிய இலைத்தொகுதி மொத்தத்தில் கால்பங்குக்கும் குறைவு. அம்மையார் முற்றாக மகிழ்ந்தார் என்று சொல்லமாட்டோம். "மரம் அந்த உயரந்தானே நிக்குது" என்றார். மறு ஆண்டு கம்பிவடத்தைப் பார்க்கப் போனபோது விசாரித்தோம். "இப்ப பெருங்காத்துக்கு மட்டுந்தான் கீழை படுக்கிறன்" என்றார்.

இவ்வாறு செய்யவியலாத மரங்களும் உண்டு. அடி உக்கிய மரம், இடத்திற்கு ஒவ்வாத மரம் ஆகியவற்றுக்கு அனுமதி பெற்று அடியோடு அகற்றி, சிறிதாக வளரும் வேறொன்றை நடும்படி கூறுகிறோம். மரத்தை நேசிப்பவர் சிலர் இதற்கு எம்மைக் கடிந்து கொள்கின்றனர். பாதி உயிரோடு ஆபத்தாய் நிறுத்துவதிலும் அது நேர்மையானது என்பதே எமது கருத்து.

அன்பர் ஒருவர் எங்கள் சொல்லைக் கேளாமல் வேறொருவரைக் கொண்டு மொட்டையடித்தார். ஆறு ஆண்டுகளின் பின் அவரே அழைத்தார். மரத்தின் ஒவ்வொரு கட்டையிலும் பதினைந்து, இருபது தளிர்கள். பழையதை நாங்களும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அத்தகைய மரத்தை ஓரளவு மீட்கலாம்: கட்டைக்கு ஒன்றிரண்டு நல்ல தளிர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஏனையவற்றை ஒருங்கே வெட்டாது ஆண்டுக்குச் சிலவாகக் கழித்துவர வேண்டும். சென்ற ஆண்டு முதற்பகுதியைச் செய்தோம். உக்கிய கட்டையில் கயிறு கட்ட இயலாதபடியால் தூக்கி வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது; அதற்கான செலவு, முன்பு மொட்டையடிக்கக் கொடுத்ததை விட அதிகம் என்று அவர் சொன்னார். இலை உதிர்ந்ததும் இரண்டாம் பகுதிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.